சாம்பல்மேடும் கருகிய கொள்ளும்: தென்னிந்தியாவின் முதல் உழவர்களை எப்படி ஆராய்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர் பக்கமும், ஆந்திரத்தின் அனந்தபூர், கர்நூல் பக்கமும், தெலுங்கானாவின் பழைய மகபூப்நகர் மாவட்டத்திலும் வயல்வெளி நடுவே சாம்பல் நிறத்தில் மேடுகள் கிடக்கின்றன. நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே மாடு மேய்த்து, கொள்ளும் பச்சைப்பயறும் விதைத்த மக்கள் விட்டுப் போனவை அவை. அந்த மக்களுக்கு எழுத்து கிடையாது, அரசர் பெயர் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. அப்படியிருந்தும் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்த மாட்டை வளர்த்தார்கள் என்றெல்லாம் இன்று சொல்ல முடிகிறது. அது எப்படி என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

புதிய கற்காலம் என்பது எந்தக் காலம்?

உலகம் முழுமைக்கும் ஒரே தேதி கிடையாது. 1865-ல் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, உடைத்துச் செய்த கல் கருவிகள் பழைய கற்காலம், தேய்த்து மெருகேற்றிய கருவிகள் புதிய கற்காலம் என்று பிரித்தார். இப்போது கல்லைவிட வாழ்க்கை முறையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பயிர் வைப்பது, ஆடு மாடு வளர்ப்பது, ஓரிடத்தில் தங்குவது ஆகியவைதான் அடையாளம். தென்னிந்தியாவில் இது ஏறத்தாழ கி.மு. 3000-ல் தொடங்கி கி.மு. 1200 வரை நீள்கிறது. மேற்காசியாவில் இதற்குப் பல ஆயிரம் வருடம் முந்தி.

சாம்பல்மேட்டில் இருப்பது என்ன சாம்பல்?

மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல். இந்த ஒரு வரி உறுதியாக நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மேடுகளைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எரிமலைக் கழிவு என்றார்கள், உலோகம் உருக்கிய கசடு என்றார்கள், பிணம் எரித்த இடம் என்றார்கள். ஊர் மக்களிடமும் கதை இருந்தது. ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை, ராமன் அம்பால் விழுந்த வாலியை எரித்த இடம் என்று இன்றும் காட்டுவார்கள்.

இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், இது மாட்டுப்பட்டியில் சேர்ந்த சாணம் எரிந்தது என்று சரியாக ஊகித்தார். பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவர்தான். பின்னாளில் ஏற்காட்டில் குடியிருந்து சேர்வராயன் மலையிலும் கற்கோடரிகள் சேகரித்தார். அவருடைய சேகரிப்பு 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது.

ஊகம் ஆதாரமாக மாறியது 1950-களின் கடைசியில். ஃபிரெட்ரிக் சாய்னர் என்ற ஆய்வாளர் பெல்லாரிக்கு அருகே உள்ள குடதினி மேட்டின் மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அது கடும் சூட்டில் எரிந்த சாணம்தான் என்று காட்டினார். 1957-ல் ரேமண்ட் ஆல்ச்சின் என்ற தொல்லியலாளர் தெலுங்கானாவின் உத்னூர் மேட்டை அகழ்ந்தார். அங்கே மரக்கம்பங்கள் நட்ட குழிகளின் வரிசை வெளிப்பட்டது. பட்டியைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அதோடு மாட்டின் குளம்புத் தடங்களும் அப்படியே பதிந்து கிடந்தன. ஒரு மாடு ஈரத்தில் கால் வைத்த தடம் நாலாயிரம் வருடம் தாங்கி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

பெல்லாரி – ஹொசப்பேட்டை சாலையில் உள்ள குடதினி மேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே கிடக்கும் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் கனமே இருக்காது. உடைந்த முகத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். சில இடத்தில் கண்ணாடி போல உருகி மினுக்கும். வெட்டுமுகத்தில் மெல்லிய சாம்பல் அடுக்கு, அதன்மேல் உருகிய அடுக்கு, மறுபடி சாம்பல் என்று மாறி மாறி வரும். ஒரே தடவையில் எரிந்திருந்தால் இப்படி வராது. சாணம் சேர்வதும் அதைக் கொளுத்துவதும் பலமுறை நடந்திருக்கிறது.

இப்போது நுண்ணோக்கி இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. அசைபோடும் விலங்குகளின் குடலில் சுண்ணாம்புச் சத்தாலான மிக நுண்ணிய உருண்டைகள் உருவாகிச் சாணத்தோடு வெளியேறும். மண்ணில் அந்த உருண்டைகள் தென்பட்டால் அங்கே சாணம் இருந்தது என்று பொருள். சூடு மிகவும் ஏறினால் அவை சிதைந்துவிடும். அதனால் எரிந்த சூட்டைப் பற்றியும் ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

அருமையான எருவை ஏன் எரித்தார்கள்?

நம் ஊரில் எருவுக்காக வயலில் ஆடு மாடு கிடை போடுவதற்குக் காசு கொடுக்கிறோம். சாணத்தின் மதிப்பு தெரிந்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும்.

ஆய்வாளர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. மாட்டைக் காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போதோ திரும்பும்போதோ சடங்காகத் தீ மூட்டியிருக்கலாம் என்றார் ஆல்ச்சின். ஹோலி, தீபாவளி, பொங்கல் போன்ற விழாக்களின் தீயோடு அதை ஒப்பிட்டார். கர்நாடகத்தின் மைசூர்ப் பகுதியில் சங்கராந்தி அன்று மாடுகளை நெருப்பைத் தாண்ட ஓட்டும் வழக்கம் இப்போதும் உண்டு. வட கர்நாடகத்துப் புதிஹாலில் 1990-ஐ ஒட்டிய வருடங்களில் அகழாய்வு நடத்திய கே. பத்தய்யா வேறு கோணத்தில் பார்த்தார். மேட்டுக்குப் பக்கத்திலேயே வீடுகளும், கல் கருவி செய்த இடமும், மாட்டை அறுத்துப் பங்கிட்ட தளமும் அங்கே கிடைத்தன. அதனால் இவை ஆள் குடியிருந்த ஊர்கள், வெறும் மேய்ச்சல் பட்டிகள் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். திரும்பத் திரும்ப எரித்து மேட்டை உயர்த்தியதே ஊர் கூடிச் செய்த ஒரு நினைவுச் சின்னம் என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள்.

என் மனம் சடங்குப் பக்கம்தான் சாய்கிறது. குப்பையை ஒழிக்க மட்டும் என்றால் அவ்வளவு சூட்டில் எரிக்கத் தேவையில்லை. அதே இடத்தில் பல தலைமுறை சேர்த்து வைக்கவும் தேவையில்லை.

தோண்டும்போது எதைக் கவனிக்கிறார்கள்?

பொருளைவிட அது கிடந்த இடத்தை. ஒரு பானை ஓடு எந்த மண்ணடுக்கில் இருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்று தெரியாவிட்டால் அது அழகான ஓடு, அவ்வளவுதான். அதனால் சதுரக் குழிகளாகப் பிரித்து, மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறும் இடங்களைப் பார்த்து, அடுக்கடுக்காக எடுப்பார்கள். கம்பம் மக்கிப்போன இடத்தில் வட்டமாகக் கறுத்த மண் மட்டும் நிற்கும். சிறு கரண்டியால் சுரண்டும் கைக்கு அது தெரியும், மண்வெட்டிக்குத் தெரியாது.

கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் செய்த அகழாய்வுக்குப் பிறகுதான் தென்னிந்தியாவில் அடுக்கு முறை நன்றாக வேரூன்றியது. கற்கோடரிக் காலம், அதற்குமேல் பெருங்கற்காலம், அதற்குமேல் வரலாற்றுக் காலம் என்ற வரிசை அங்கே தெளிவானது.

நாலாயிரம் வருட விதை மண்ணில் எப்படி இருக்கும்?

சாதாரண விதை இருக்காது, மக்கிவிடும். கருகிய விதை இருக்கும். வறுக்கும்போது அடுப்பில் சிந்தியதும், பதரோடு சேர்த்து நெருப்பில் போட்டதும் கரியாக மாறினால், பூச்சியும் பூஞ்சையும் அதைத் தொடாது. அன்றைக்கு அடுப்படியில் கை தவறியது இன்றைக்கு நமக்குச் சான்று.

அதை எடுக்கும் முறைக்கு மிதப்பு முறை என்று பெயர். அகழாய்வு மண்ணை எத்தனை லிட்டர் என்று அளந்து தண்ணீர்த் தொட்டியில் போட்டு மெதுவாகக் கலக்குவார்கள். கல்லும் மண்ணும் அடியில் தங்கும், கரி மேலே மிதக்கும். அதைக் கால் மில்லிமீட்டர் அளவுக் கண்ணுள்ள சல்லடையிலோ துணியிலோ வடிகட்டி நிழலில் உலர்த்துவார்கள். நேர் வெயிலில் வைத்தால் விதை வெடித்துவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிடி கொள்ளை மணலோடு சேர்த்து இரும்புச் சட்டியில் கறுக்கும் வரை வறுங்கள். ஆறியதும் தோட்டத்து மண்ணில் பிசைந்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். கொள் பெரும்பாலும் மேலே வந்து நிற்கும். என் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்த பிறகுதான் அகழாய்வு என்றால் புதையல் தேடுவது என்ற எண்ணத்தை விட்டார்கள்.

அப்புறம் நுண்ணோக்கி வேலை. கொள் தட்டையாகச் சிறுநீரக வடிவில் இருக்கும். பச்சைப்பயறு உருண்டு, முனை மழுங்கியிருக்கும். பச்சைப்பயறும் உளுந்தும் கருகிய பிறகு ஒன்றுபோலத் தெரியும். பருப்பு இரண்டாகப் பிளந்திருந்தால் உள்ளே முளைக்குருத்து எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். பச்சைப்பயறில் அது நீளம், உளுந்தில் குட்டை. டோரியன் ஃபுல்லர் என்ற தாவரத் தொல்லியலாளர் பெல்லாரிப் பகுதியின் சங்கனகல்லு, ஹிரேகுட்டா முதலான பல இடங்களின் மண்ணை இப்படித்தான் ஆராய்ந்தார்.

என்ன பயிர்கள் கிடைத்தன? அரிசி உண்டா?

முக்கியமாக நான்கு: கொள், பச்சைப்பயறு, குலசாமை என்று இப்போது விற்கும் சிறுதானியம் (கன்னடத்தில் கொரலே), அப்புறம் தினைக்கு உறவான இன்னொரு சிறுதானியப் புல். நான்கும் தக்காணத்து வறண்ட நிலத்துக்கும் மழைக்கும் ஏற்றவை. பிற்பாடு கோதுமையும் பார்லியும் வடமேற்கிலிருந்து வந்தன. மொச்சை, துவரை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கம்பு ஆகியவையும் கடைசிக் கட்டத்தில் சேர்கின்றன.

அரிசி இவர்களுடைய அன்றாட உணவு கிடையாது. நம் பழைய உணவு என்றதும் சோறுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கொள்ளு ரசத்தின் வரலாறு சோற்றைவிட நீளம்.

காட்டில் பறித்ததா, விதைத்து அறுத்ததா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

காட்டுப் புல்லின் மணி முற்றியதும் தானாக உதிர்ந்துவிடும். மனிதர் கதிரை அறுத்து, அதிலிருந்தே மறுபடி விதைக்கும்போது உதிராத கதிர்களே பெருகும். மணி காம்பிலிருந்து பிரிந்த இடம் வழவழப்பாக இருந்தால் தானாக உதிர்ந்தது, கிழிந்தாற்போல இருந்தால் அடித்துப் பிரித்தது.

பயறு வகைக்குத் தோல்தான் சாட்சி. காட்டுப் பயறின் தோல் தடிப்பு. மழை பெய்தாலும் உடனே முளைக்காமல் காத்திருக்கும். வயலில் விதைத்தால் எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும், அதனால் தலைமுறை தலைமுறையாகத் தோல் மெலிகிறது. 2017-ல் சார்லின் மர்ஃபியும் ஃபுல்லரும் பழைய கொள் விதைகளை உடைக்காமலே, பிரிட்டனில் உள்ள சின்க்ரோட்ரான் எந்திரத்தின் எக்ஸ் கதிரால் உள்ளே பார்த்துத் தோலை அளந்தார்கள். கி.மு. 2000 தொட்டுத் தோல் மெலிந்துகொண்டே வந்தது தெரிந்தது. ஒரே நாளில் யாரும் உழவரானதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

கார்பன் 14 முறைதான் முக்கியம். உயிருள்ளவரை செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு கார்பன் 14 மட்டும் சிதைந்து, 5730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். வளிமண்டல அளவு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதால், மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முந்நூறு வருட மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை வெட்டி எரித்தால், அந்தக் கரி அடுப்பின் வயதைச் சொல்லாது, மரத்தின் வயதைச் சொல்லும். அதனால் இப்போது விதையையே தேடுகிறார்கள். விதை ஒரே பருவத்தில் விளைந்தது. இன்றைய கருவிக்கு ஒரே ஒரு கொள் மணி போதும். பழைய தேதிகள் பல இப்படித்தான் திருத்தப்பட்டன.

எலும்பைப் பார்த்து என்ன மாடு என்று தெரியுமா?

தெரியும். திமில் உள்ள நாட்டு மாட்டின் முன்முதுகு முள்ளெலும்புகளில் சில, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். களிமண் பொம்மைகளும் பாறைச் செதுக்கல்களும் அதே திமிலையும் நீண்ட கொம்பையும் காட்டுகின்றன.

பல்லின் தேய்மானம் வயதைச் சொல்லும். காளைக்கன்றுகள் இளசிலேயே அறுபட்டு, பசுக்கள் கிழடாகும் வரை இருந்தால் பாலுக்காக வளர்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். வளர்ந்த பருவத்திலேயே அதிகம் அறுபட்டிருந்தால் கறிக்காக. எலும்பில் வெட்டுத் தழும்பு, எரிந்த தடம் எல்லாம் குறித்து வைப்பார்கள். இந்த மக்கள் மாட்டைப் பாறையில் செதுக்கினார்கள், பொம்மை செய்தார்கள், அறுத்தும் சாப்பிட்டார்கள். எலும்பு சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

பானையில் என்ன சமைத்தார்கள் என்று தெரியுமா?

சுடுமண்ணுக்குள் கொழுப்பு ஊறி நிற்கும். ஓட்டைப் பொடித்து அதைப் பிரித்தெடுத்து, கொழுப்பு அமிலங்களில் உள்ள கார்பன் வகைகளை அளந்தால் பால் கொழுப்பா கறிக் கொழுப்பா என்று பிரித்துவிடலாம்.

கற்கோடரியை எப்படிச் செய்தார்கள்?

பெல்லாரிக்கு அருகே ஹிரேகுட்டா குன்றில் கருங்கல் பாறைக்கு நடுவே டோலரைட் என்னும் கறுத்த கல் கோடாக ஓடுகிறது. அங்கே ஒரு பட்டறையே நடந்திருக்கிறது. முதலில் பெரிய சில்லுகளை உடைத்து உருவம் கொண்டுவருவார்கள். அடுத்து இன்னொரு கல்லால் கொத்திக் கொத்தி மேடுகளை எடுப்பார்கள். கடைசியில் தண்ணீரும் மணலும் விட்டுப் பாறையில் தேய்ப்பார்கள். தேய்த்த பள்ளங்கள் இன்னும் அந்தக் குன்றில் இருக்கின்றன, உள்ளங்கையால் தடவினால் அம்மிக்கல் போல வழுக்கும். சிதறிக் கிடக்கும் சில்லுகளைப் பொறுக்கி, அளந்து, எந்தக் கட்டத்து வேலை எங்கே நடந்தது என்று வரைபடம் போடுகிறார்கள். ஓர் ஊரின் தேவைக்கு மேல் கோடரி செய்திருந்தால், வெளியூருக்கும் போயிருக்கிறது என்று பொருள்.

குப்கல் என்றும் சொல்லப்படும் அதே குன்றில் தட்டினால் மணி போல ஒலிக்கும் டோலரைட் பாறைகள் உண்டு. ஒரே இடத்தில் பலமுறை தட்டியதால் குழிந்த தடங்கள் அவற்றில் இருக்கின்றன. அந்தக் குன்றின் பாறைச் செதுக்கல்களைப் பற்றி 1892-லேயே எழுதினார்கள். அந்த ஒலியைத் தொல்லியலாளர் நிக்கோல் பொய்வின் 2004-ல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கல் குவாரிகள் இந்தக் குன்றை அரித்திருக்கின்றன. சாம்பல்மேடுகளை எருவுக்காக வண்டி வண்டியாக அள்ளிப் போயிருக்கிறார்கள். உழவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, யாரும் அவர்களிடம் அதன் அருமையைச் சொல்லவில்லை. தொல்லியலாளர் ரவி கோரிசெட்டரின் முயற்சியோடு பெல்லாரியில் ஃபூட் பெயரில் அமைந்த அருங்காட்சியகம் இப்போது அந்த வேலையைச் செய்கிறது.

மனித எலும்புகள்?

குழந்தைகளைப் பானையில் வைத்து வீட்டுத் தரைக்கடியில் புதைத்திருக்கிறார்கள். புதிஹாலிலும் வேறு பல ஊர்களிலும் இது உண்டு. பல்லின் எனாமலில் உள்ள ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம், ஒருவர் சிறுவயதில் எந்த மண்ணில் விளைந்ததைத் தின்றார் என்று காட்டும். பெரியவரானபின் வேறு ஊரில் புதைக்கப்பட்டிருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மரபணுவைப் பொறுத்தவரை நம் வெயில் எதிரி, சூட்டில் அது சீக்கிரம் சிதைகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் காலத்து ஊர்கள் உண்டா?

உண்டு, வடமேற்கில் அதிகம். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் மத்தியத் தொல்லியல் துறை 1960-களில் அகழ்ந்தபோது கற்கோடரி, சாம்பல் நிற மட்பாண்டம், குழி வீடுகள், கருகிய கொள், பச்சைப்பயறு எல்லாம் கிடைத்தன. கோவைக்கு அருகே மோளப்பாளையத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்த ஊர் கி.மு. 1600-க்கும் 1400-க்கும் இடைப்பட்டது. ஆடு மாடு வளர்த்தவர்களின் ஊர். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் கடற்சங்கும் கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டம் கி.மு. 2200-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்று மாநிலத் தொல்லியல் துறை கணித்திருக்கிறது. பெரிய சாம்பல்மேடுகள் மட்டும் நம் பக்கம் கிடையாது.

இவர்கள் பேசியது திராவிட மொழியா?

சட்டியும் விதையும் பேசாது. ஆனாலும் சொற்களில் ஒரு தடம் இருக்கிறது. தமிழில் பயறு, கன்னடத்தில் ஹெசரு, தெலுங்கில் பெசலு (பெசரட்டு தெரியும் அல்லவா?) மூன்றும் ஒரே மூலச் சொல்லின் கிளைகள். இந்த மொழிகள் பிரியும் முன்பே அந்தப் பயிருக்குப் பெயர் இருந்தது. மூலத் திராவிடத்துக்கு மீட்டெடுக்கப்படும் பயிர்ப் பெயர்களும் இந்த மண்ணில் கிடைக்கும் விதைகளும் பல இடத்தில் ஒத்துப்போவதை மொழியியலாளர் ஃபிராங்க்ளின் சவுத்வொர்த்தும் ஃபுல்லரும் காட்டியிருக்கிறார்கள். பொருந்துகிறது என்று சொல்லலாம். நிரூபணமாகிவிட்டது என்று மேடையில் முழங்குவது சரியில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் வழவழப்பான கற்கள் வைத்துக் கும்பிடுகிறோம். அவை கற்கோடரிகளா?

இருக்கலாம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, தருமபுரிப் பக்கம் மரத்தடியிலும் பிள்ளையார் பக்கத்திலும் புதிய கற்காலக் கோடரிகளை வைத்து வழிபடுவது சகஜம். கும்பிடும் கல்லை எடுத்துப் போக வேண்டாம், அது ஊருடையது. ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் குறுகி முக்கோணம் போல இருந்தால், அளவுகோலோடு படம் எடுத்து மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.

புதிதாக உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைத்தால், முதலில் கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை அடி ஆழம், மண் என்ன நிறம், பக்கத்தில் ஓடு, எலும்பு, சாம்பல் இருந்ததா என்று எழுதுங்கள். பானை ஓடு கிடைத்தால் கழுவ வேண்டாம். மண்ணோடு அப்படியே காகிதத்தில் சுற்றி, நிழலில் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள்.